மணிக்கட்டில் நாடியை எழுத வைத்தவர்: எத்தியேன்-ழூல் மாரே

சினிமாவின் பூர்வகதையைப் படித்தவர்களுக்கு எத்தியேன்-ழூல் மாரேயைத் தெரிந்திருக்கும். 1882-இல் துப்பாக்கி வடிவத்தில் ஒரு காமிரா செய்து, பறக்கும் பறவையை விநாடிக்குப் பன்னிரண்டு படங்களாகப் பிடித்தவர். தலைகீழாக விடப்பட்ட பூனை எப்படிக் காலூன்றி விழுகிறது என்பதை 1894-இல் படச்சுருளில் காட்டியவரும் அவரே. லூமியேர் சகோதரர்களுக்கும் எடிசனுக்கும் முன்னோடி என்று எல்லா நூல்களிலும் ஒரு பத்தி அவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும்.

ஆனால் காமிராவுக்கு இருபது வருடங்களுக்கு முன்பே அவர் வேறொரு கேள்வியைக் கையில் எடுத்திருந்தார். மணிக்கட்டின்மேல் ஒரு கருவியைக் கட்டினால், இதயம் செய்வதை அது உள்ளபடி சொல்லுமா? இன்று நம்மில் பலர் அந்தக் கருவியின் கொள்ளுப்பேரனைக் கையில் கட்டிக்கொண்டுதான் நடக்கிறோம், ஓடுகிறோம், தூங்குகிறோம். கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

பிரான்காச்சோவில் ஒரு கைப்பட்டை

வேலை நிமித்தமாக இப்போது நான் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், பிரான்காச்சோ என்ற பகுதியில் குடியிருக்கிறேன். இத்தாலியர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் மாஃபியாவும், 1993-இல் இங்கே சுட்டுக் கொல்லப்பட்ட பாதிரியார் பினோ புலீசியும்தான் நினைவுக்கு வருவார்கள். அரபு, நார்மன் காலத்து மாரெதோல்சே அரண்மனையும் இங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த ஏரி வற்றிப்போய் வெகுகாலம் ஆகிறது. காலை வேளைகளில் அந்தப் பக்கமாக ஓடுவது என் வழக்கம்.

ஓட்டம் தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. கைப்பட்டை என் இதயம் நிமிடத்துக்கு 168 முறை துடிப்பதாகச் சொல்லும். மூச்சு வாங்கவில்லை, பாட்டுப் பாடிக்கொண்டே ஓடலாம் போலிருக்கும். மார்பில் கட்டும் பட்டையையும் சேர்த்து அணிந்து பார்த்தேன். அது 121 என்றது. காலடிகளை எண்ணினேன், நிமிடத்துக்கு 168. கைப்பட்டை என் கால்களை எண்ணிவிட்டு அதற்கு இதயம் என்று பெயர் வைத்திருந்தது! மேற்படிப்பில் சிக்னல் பிராசஸிங் படித்தவனுக்கு இது புதிரில்லை, எரிச்சல்தான்.

எனக்கு இது எரிச்சலோடு போகிறது. எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணைக்கு அப்படியில்லை. பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். சைவர், கத்தோலிக்கர் என்ற பேதமில்லாமல் பெல்லெக்ரினோ மலையேறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிடுவது அவர்கள் வழக்கம். அண்ணையும் வருடாவருடம் ஏறுகிறவர். அவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பு இருப்பது தெரியவந்ததும், நிமிடத்துக்கு 110-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். அண்ணை மகள் வாங்கிக்கொடுத்த கைப்பட்டையைப் பார்த்துப் பார்த்தே படியேறினார். அது 88, 90 என்று காட்டிக்கொண்டிருந்தது. களைப்பு மட்டும் குறையவில்லை. ஒருநாள் மருத்துவமனையில் தாதி ஒருவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார், 124. அதே நேரத்தில் மணிக்கட்டில் விரல் வைத்து இன்னொருவர் எண்ணியது 92.

இரண்டு எண்ணிக்கையும் சரியே. ஒழுங்கற்றுத் துடிக்கும் இதயம் சில சமயம் இரத்தம் நிரம்புவதற்குள் சுருங்கிவிடுகிறது. அந்த அரைகுறைத் துடிப்பு மணிக்கட்டு வரை வந்து சேர்வதில்லை. நாடிப் பற்றாக்குறை என்று மருத்துவத்தில் இதற்குப் பெயரே உண்டு. மணிக்கட்டில் இருப்பது இதயமல்ல, இதயம் அனுப்பிய அலை என்பதுதான் விஷயம். அந்த அலையைப் பற்றி வாழ்நாள் முழுவதும் யோசித்த ஒருவர் இருந்தாரே என்று மாரேயைத் தேடிப் படிக்கத் தொடங்கியது இதன் பிறகுதான்.

பொறியாளராக விரும்பிய மருத்துவர்

மாரே 1830 மார்ச் 5-ஆம் தேதி பிறந்தார். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஒயினுக்குப் புகழ்பெற்ற போன் என்ற ஊர். தந்தை ஒயின் வணிக நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். ஒரே பிள்ளை. சிறுவயதிலேயே பொம்மைகளும் பொறிகளும் செய்வதில் கைதேர்ந்தவர். பொறியியல் படிக்க ஆசைப்பட்டார். தந்தையோ மகன் டாக்டராக வேண்டும் என்றார். நம் வீடுகளில் நடக்கும் கதைதான்! 1849-இல் பாரீசுக்கு வந்து மருத்துவம் படித்தார். 1859-இல் அவர் கொடுத்த முனைவர் ஆய்வேடு இரத்த ஓட்டத்தைப் பற்றியது. மருத்துவம் படித்தாரே தவிர, உடலை அவர் பார்த்த பார்வை கடைசிவரை பொறியாளனின் பார்வைதான். குழாய், அழுத்தம், தடை, அலை.

அக்காலத்தில் நாடி பார்ப்பது விரலின் கலை. நம் சித்த வைத்தியர்கள் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று பிரித்துச் சொல்வது போல, ஐரோப்பிய மருத்துவர்களுக்கும் கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து நாடிக்கு நூற்றுக்கணக்கான அடைமொழிகள் இருந்தன. எண்ணிக்கைக்குக் கருவி தேடியவர்களும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாந்தோரியோ என்ற இத்தாலிய மருத்துவர் ஊசலின் கயிற்றைக் கூட்டிக் குறைத்து நாடியோடு பொருத்தினார். ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கிலேயர் 1707-இல் ஒரு நிமிடம் மட்டும் ஓடும் கடிகாரத்தைப் பற்றி நூலே எழுதினார். ஆனால் எண்ணுவது ஒன்று, நாடியின் வடிவத்தைத் தாளில் எழுதவைப்பது வேறு.

ஜெர்மானியரான கார்ல் ஃபியரோர்ட் 1850-களின் நடுவில் அதைச் செய்து பார்த்தார். நாடியின் மேல் நெம்புகோல் ஒன்றை வைத்து, எடைத் தட்டுகளால் சமன்செய்து, மறுமுனையில் கோடு விழும்படி அமைத்திருந்தார். கோடு விழுந்தது. ஆனால் அந்த நெம்புகோல் கனமானது. கனமான பொருளை அசைத்தால் அது தானாக நிற்காது. தன் நிலைமத்தால் இன்னும் கொஞ்சம் போகும், பிறகு திரும்பும். தாளில் வந்தது பாதி நாடி, பாதி நெம்புகோலின் ஆட்டம்.

இந்தக் குறையைத் தெளிவாகப் பிடித்ததுதான் மாரேயின் முதல் சாதனை என்று நினைக்கிறேன். கருவி தன் சொந்த அசைவையும் சேர்த்து எழுதுகிறது என்பதே அவருடைய நோய்முதல் நாடல். தீர்வும் எளிமையானது. எடைகளை எடுத்துவிட்டு நாடியை அழுத்த ஒரு தகட்டு ஸ்பிரிங்கை வைத்தார். நெம்புகோலை மெல்லிய மரக்குச்சி அளவுக்கு இலேசாக்கினார். கடிகார இயக்கத்தால் நகரும் சிறு தட்டில் புகைக்கரி படிந்த தாளை ஒட்டி அதன்மேல் எழுதவிட்டார். மொத்தக் கருவியையும் முன்கையில் பட்டையால் கட்டிக்கொள்ளலாம். ஸ்ஃபிக்மோகிராஃப், அதாவது நாடிவரைவி. 1860-இல் அது வெளிவந்தது. அதைச் செய்து விற்றது பாரீசின் புகழ்பெற்ற கடிகாரக் குடும்பமான பிரெகே நிறுவனம். மணிக்கட்டில் கடிகாரமும் நாடியும் சேர்ந்தது முந்தாநாள் நடந்த விஷயமில்லை!

அதே 1860-இல், மே 27 அன்று, கரிபால்டியின் ஆயிரம் வீரர்கள் பிரான்காச்சோவுக்கு அருகிலுள்ள அட்மிரல் பாலம் வழியாகச் சண்டையிட்டுக்கொண்டு பலெர்மோவுக்குள் நுழைந்தார்கள். நான் ஓடும் சாலைகளில் ஒன்றுக்கு இன்றும் ஆயிரவர் சாலை என்று பெயர். இத்தாலி ஒரு நாடாகச் சேர்ந்துகொண்டிருந்தபோது பாரீசில் முப்பது வயது டாக்டர் ஒருவர் தன் மணிக்கட்டில் கட்டிய குச்சி எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதனை மேல் சோதனை

கருவி செய்தவர்கள் பலர். தன் கருவியையே சந்தேகித்தவர்கள் குறைவு. மாரே ரப்பர் குழாய்களையும் பம்பையும் வைத்து ஒரு செயற்கை இரத்த ஓட்டத்தை அமைத்தார். அதற்குள் என்ன அலை போகிறது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். கருவி அதையே எழுதுகிறதா என்று பார்த்தார். மென்பொருள் எழுதும் நமக்கு இது பழக்கமான காரியம். விடை தெரிந்த உள்ளீட்டைக் கொடுத்து வெளியீட்டைச் சரிபார்ப்பது.

அடுத்ததாக, கால்நடை மருத்துவரான ஒகஸ்ட் ஷோவோவுடன் சேர்ந்து 1861 முதல் 1863 வரை குதிரைகளில் சோதனை செய்தார். கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள்ளேயே செலுத்தி, மேலறை, கீழறை, நெஞ்சின் தட்டு மூன்றையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதவைத்தார்கள். நெஞ்சில் கைவைத்தால் உணரும் தட்டு, கீழறை சுருங்கும்போது வருவதா, விரியும்போது வருவதா என்று மருத்துவ உலகம் சண்டையிட்டுக்கொண்டிருந்தது. சுருங்கும்போதுதான் என்று அந்தத் தாள் தீர்த்துவைத்தது.

துடிப்பு எண்ணிக்கையைப் பற்றியும் அவர் ஒரு விதியைச் சொன்னார். தமனிகளில் அழுத்தம் ஏறினால் இதயம் மெதுவாகிறது, இறங்கினால் வேகமாகிறது. இன்றும் பாடநூல்களில் அது மாரேயின் விதி.

1864-இல் பாரீசில் பழைய நாடகக் கொட்டகை இருந்த கட்டடத்தில் சொந்தச் செலவில் ஆய்வுக்கூடம் அமைத்தார். பறவைகள், ஆமைகள், தவளைகளோடு அங்கேயே குடியிருந்தார். 1869-இல் கொலேஜ் த பிரான்ஸில் பேராசிரியர் பதவி வந்தது. 1873-இல் வந்த அவருடைய நூல், விலங்கை ஓர் இயந்திரமாகப் பார்ப்பது. அதில் ஓர் ஓட்டக்காரரின் படம் உண்டு. காலணியின் அடியில் காற்றறை. ஒவ்வொரு காலடிக்கும் அந்தக் காற்று அமுங்கி, ரப்பர் குழாய் வழியாகப் போய், கையில் பிடித்திருக்கும் கருவியில் கோடு போடும். அந்தப் படத்தைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. மாரே காலடியைக் காலில் அளந்தார், நாடியை மணிக்கட்டில் அளந்தார். என் கைப்பட்டை இரண்டையும் ஒரே இடத்தில் அளந்து குழப்பிக்கொள்கிறது.

குழப்பம் எங்கே வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைப்பட்டையின் அடியில் பச்சை நிற எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன. தோலுக்கடியில் இரத்தம் கூடும்போது திரும்பிவரும் ஒளி சற்றுக் குறைகிறது, குறையும்போது கூடுகிறது. உறுப்பில் இரத்தத்தின் கொள்ளளவு மாறுவதை அளக்கும் இந்த வழிக்கு மாரேயின் காலத்திலேயே வேர் உண்டு. அவரிடம் பாரீசில் பயின்றுபோன தூரின் நகரத்து ஆஞ்சலோ மொஸ்ஸோ, கையை நீர் நிரம்பிய குழலுக்குள் வைத்து இதையே அளந்தார். 1937-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் நீருக்குப் பதில் ஒளியைக் கொண்டுவந்தார்.

உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்கிறது. ஓடும்போது ஒவ்வொரு காலடிக்கும் கை குலுங்குகிறது, பட்டை நகர்கிறது, தோலுக்கடியில் இரத்தம் தளும்புகிறது. அந்தக் குலுக்கலின் அலை நாடியின் அலையைவிடப் பல மடங்கு பெரியது. குலுக்கலைத் தனியே அளந்து கழிக்கத்தான் அல்காரிதம் முயல்கிறது. ஆனால் காலடியும் துடிப்பும் ஒரே எல்லைக்குள், நிமிடத்துக்கு நூற்றைம்பது, நூற்றெழுபது என்று வரும்போது எது எதுவென்று அதற்குத் தெரிவதில்லை. பெரிய அலையைப் பிடித்துக்கொள்கிறது. ஃபியரோர்டின் கனத்த நெம்புகோல் போனது; அதன் இடத்தில் இப்போது நம் கையே கனத்த நெம்புகோல்.

கறுத்த தோலில் பச்சை ஒளி தவறும் என்ற கவலை நம்மவர்களிடம் உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் தோலின் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அசைவின்போது பிழை, ஓய்வின்போது இருந்ததைவிடச் சராசரியாக 30 விழுக்காடு கூடியிருந்தது. அந்த ஆய்வைப் பொறுத்தவரை பிழைக்குக் காரணம் நிறமல்ல, ஆட்டம்தான்.

பாட்னா வம்சத்து இளைஞர்

மாரேயின் நாடிவரைவி இங்கிலாந்துக்குப் போனபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதைப் பொறுத்துக் கோட்டின் உயரமும் வடிவமும் மாறின. ஒரே நோயாளிக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமான கோடுகளை வரைந்தார்கள். அதைச் சரிசெய்ய முன்வந்தவர்களில் ஒருவர் ஃபிரெடரிக் அக்பர் முகமது. பாட்னாவிலிருந்து போய், பிரைட்டனில் நீராவிக் குளியல் நிலையம் நடத்தி அரச குடும்பத்துக்கே வேண்டியவரான ஷேக் தீன் முகமதின் பேரன். லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்தபோதே, எவ்வளவு அழுத்தத்தில் கோடு எடுக்கப்பட்டது என்பதைக் காட்டும் அளவுத் திருகாணியைக் கருவியில் சேர்த்தார். 1872-இல் அதைப் பற்றி எழுதினார். சிறுநீரகக் கோளாறு இல்லாமலே உயர் இரத்த அழுத்தம் இருக்கக்கூடும் என்று முதலில் கண்டவர்களில் அவரும் ஒருவர். 1884-இல் டைஃபாய்டில் இறந்தபோது வயது முப்பத்தைந்து.

அளவு தெரியாமல் எடுத்த கோட்டை இன்னொரு கோட்டோடு ஒப்பிட முடியாது என்பதே அவர் சேர்த்த திருகாணியின் பொருள்.

போசில்லிப்போவும் கேம்பிரிட்ஜும்

மாரே குளிர்காலங்களை இத்தாலியில் கழித்தார். நேப்பிள்ஸ் நகரத்தின் போசில்லிப்போ குன்றில் அவருக்கு வீடு இருந்தது. அங்கிருந்து பலெர்மோவுக்கு இன்றும் இரவுக் கப்பல் ஓடுகிறது. காமிராத் துப்பாக்கியோடு கடற்கரையில் நின்று பறவைகளைக் குறிவைத்துக் குறிவைத்து ஒன்றையும் சுடாமல் திரும்பும் அவரை ஊர்க்காரர்கள் பைத்தியம் என்று நினைத்தார்களாம். காமிராவுக்கு அவர் வந்த காரணமும் பழைய காரணம்தான். பறவையின் சிறகில் கருவியைக் கட்டினால் கருவியின் பாரமே பறத்தலை மாற்றிவிடுகிறது. ஒளிக்குப் பாரமில்லை. ஆகவே தொடாமல் அளக்க ஒளியைத் தேர்ந்தெடுத்தார். சினிமா அந்த வழியில் கிடைத்த உபரி.

இன்னொன்றும் செய்தார். 1876-இல் லிப்மனின் நுண்குழாய் மின்மானியைக் கொண்டு ஆமை, தவளை இதயங்களின் மின்மாற்றத்தைப் புகைப்படத்தில் பதித்தார். மனித இதயத்தில் அதை அகஸ்டஸ் வாலர் 1887-இல் செய்தார். ஐந்தோவன் அதை ஈ.சி.ஜி.யாக வளர்த்து 1924-இல் நோபல் பரிசு பெற்றார். மார்பில் கட்டும் பட்டை எண்ணுவது அந்த மின்துடிப்பைத்தான். மணிக்கட்டுப் பட்டைக்கும் மார்புப் பட்டைக்கும் ஒருவரே பாட்டனார் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

முதுமையில் மாரேயை வாட்டியது கருவிகளின் பெருக்கம். ஐரோப்பாவில் ஊருக்கு ஒரு நாடிவரைவி. ஒவ்வொன்றும் வெவ்வேறு கோடு. ஒருவர் கண்டதை மற்றவர் சரிபார்க்க வழியில்லை. 1898-இல் கேம்பிரிட்ஜில் கூடிய உடலியலாளர் மாநாட்டில் அவருடைய வேண்டுகோள் முன்வைக்கப்பட்டது. எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்தில் சோதித்து, ஒவ்வொன்றின் பிழையையும் வெளியிட வேண்டும் என்பதே சாரம். மாநாடு ஏற்றுக்கொண்டது. மொஸ்ஸோவும் கேம்பிரிட்ஜின் மைக்கேல் ஃபாஸ்டரும் பெர்ன் நகரத்துக் குரோனெக்கரும் இருந்த குழுவுக்கு மாரே தலைவர். பாரீசின் ஓரத்தில், முன்பே அவர் ஓட்டக்காரர்களைப் படமெடுத்துவந்த திடலருகே, அதற்கென்று ஒரு நிறுவனமும் எழுந்தது. அது முழுவீச்சில் இயங்குமுன், 1904 மே மாதம் அவர் காலமானார்.

இன்றைய நிலை என்ன? துடிப்பு காட்டும் கருவிகளைச் சோதிக்க அமெரிக்காவின் நுகர்வோர் தொழில்நுட்பச் சங்கம் 2018-இல் ஒரு தரமுறையை வெளியிட்டது. விருப்பமுள்ள நிறுவனம் பின்பற்றலாம், கட்டாயமில்லை. தங்கள் அல்காரிதம் எந்த நேரத்தில் அளக்கிறது, எந்த நேரத்தில் ஊகிக்கிறது என்பதைப் பெரும்பாலானவர்கள் சொல்வதில்லை. திரையில் இரண்டுக்கும் ஒரே மாதிரி எண்தான். தெரியவில்லை என்றால் கோடு போட்டுக் காட்டும் கருவியை நான் அதிக விலை கொடுத்தும் வாங்குவேன். தவறான எண்ணைவிட வெற்றிடம் நல்லது. அண்ணையின் விஷயத்தில் அது வெறும் வசதி பற்றிய பேச்சுமல்ல.

அவருக்கு மருத்துவர் மருந்தின் அளவை மாற்றினார். நெஞ்சில் காதுவைத்து எண்ணக்கூடிய ஒருவர் வீட்டில் வேண்டும் என்றார், மகள் கற்றுக்கொண்டாள். இந்த முறை மலைக்கு நடந்து போகாமல் பேருந்தில் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். கைப்பட்டையை மணி பார்க்கக் கட்டிக்கொள்கிறார்.

மாரேயின் நிறுவனக் கட்டடம் 1970-களின் இறுதியில் இடிக்கப்பட்டது. பக்கத்திலிருந்த ரோலான் காரோஸ் டென்னிஸ் அரங்கை விரிவாக்க இடம் தேவைப்பட்டது. கருவிகளின் பிழையைக் கணக்கெடுக்க ஐரோப்பா கூடிக் கட்டிய இடத்தில் இப்போது மே மாதந்தோறும் பந்தாடுகிறார்கள். மாரே இறந்ததும் ஒரு மே மாதத்தில்தான்.